எக்ஸ்3: பொறி தயார், தரை தயாரா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நூறு கிலோவாட் ஹால் த்ரஸ்டர் சோதனை: ஒரு நிகழ்வு ஆய்வு

2017 கோடையில், கிளீவ்லாந்தில் உள்ள நாசா கிளென் ஆய்வு மையத்தின் வெற்றிடக் கலன் ஒன்றில், விண்கலங்களை உந்துவதற்கான எக்ஸ்3 என்ற மின் உந்துபொறி 102 கிலோவாட் வரை ஓடியது. மின்னோட்டம் 247 ஆம்பியரைத் தொட்டது. உச்ச உந்துவிசை 5.42 நியூட்டன். எக்ஸ்3 சேர்ந்த ஹால் த்ரஸ்டர் வகையில் அதற்கு முன் பதிவாகியிருந்த உச்சம் 3.3 நியூட்டன். இதை வடிவமைத்து, பூட்டி, ஓட்டி, அளந்ததில் பெரும்பங்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிளாஸ்மா, மின் உந்து ஆய்வகத்து முனைவர் பட்ட மாணவர்களுடையது. 1992-ல் அலெக் கேலிமோர் தொடங்கிய ஆய்வகம் அது.

5.42 நியூட்டன் என்றால் அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் உள்ளங்கையை அழுத்துவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதைத் தருகிற பொறியோ ஏறத்தாழ 230 கிலோ. அதற்குள் 250 ஆம்பியர் பாய்கிறது, அது செந்தணலாகக் காய்கிறது, சுற்றிலும் காற்றில்லை. இந்த நிலையில் பருப்புப் பொட்டலத்தின் எடையை இரண்டு சதவீதப் பிழைக்குள் சொல்ல வேண்டும். சாதனை எண் செய்தியில் வந்துவிட்டது. அந்த எண்ணை நம்பும்படி செய்யத் தரையில் என்னென்ன தேவைப்பட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள். உழைப்பில் பெரும்பகுதி போனதும் அங்கேதான்.

வளையத்துக்குள் வளையம்

ஹால் த்ரஸ்டரை முன்னாலிருந்து பார்த்தால் வளையமாக வெட்டிய ஒரு பள்ளம் தெரியும். சுவர்கள் போரான் நைட்ரைடு பீங்கான். பள்ளத்தின் அடியில் நேர்மின்முனையான ஆனோடு. செனான் வாயு அதன் துளைகள் வழியாகவே உள்ளே வரும். பள்ளத்தின் வாயருகே, உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே குறுக்காக, சில நூறு காஸ் காந்தப்புலம். எதிர்மின்முனையான கேதோடு கக்கும் எலெக்ட்ரான்கள் ஆனோடை நோக்கி ஓடப் பார்த்து, இந்தக் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு வளையத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அந்தக் கூட்டத்தில் வந்து மோதும் செனான் அணு ஓர் எலெக்ட்ரானை இழந்து அயனியாகும். அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த இந்தக் கலவையே பிளாஸ்மா. அயனி கனமானது, அதை வளைக்க இந்தக் காந்தப்புலம் போதாது. 300 வோல்ட் கொடுத்தால் நொடிக்கு 21 கிலோமீட்டர், 400 வோல்ட் கொடுத்தால் 24 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வெளியே பாயும்.

சக்தியைக் கூட்ட இரண்டு வழி. வோல்ட்டைக் கூட்டலாம், ஆம்பியரைக் கூட்டலாம். வோல்ட்டைக் கூட்டினால் வாயு மிச்சம், ஆனால் ஒரு கிலோவாட்டுக்குக் கிடைக்கும் உந்து குறையும். ஆம்பியரைக் கூட்ட வேண்டுமானால் பள்ளத்தின் பரப்பு பெருக வேண்டும் என்பதே அன்றைய பாடம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஆம்பியருக்கு மேல் போனால் எலெக்ட்ரான்கள் காந்தப் பிடியிலிருந்து நழுவும், திறன் சரியும் என்று கருதினார்கள். (இந்தக் கருத்துக்கு என்ன ஆனது என்பது கடைசியில் வருகிறது.) ஒற்றை வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நடுவில் பெரிய வெற்றிடம் வீணாகக் கிடக்கும், எடையும் கூடும். அந்த நடு இடத்திலேயே இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கினால்? முதலில் இரண்டு வளையங்களோடு எக்ஸ்2 கட்டிப் பார்த்தார்கள். அடுத்தது மூன்று வளையங்களோடு எக்ஸ்3. நாசாவும் அமெரிக்க விமானப்படையின் ஆய்வு அமைப்புகளும் இதில் கூட்டு. வடிவமைப்பு வீச்சு 2 முதல் 200 கிலோவாட்.

இவ்வளவு அகல வீச்சு எப்படி? ஒவ்வொரு வளையத்துக்கும் தனி மின்வழங்கி, தனி வாயுக் குழாய். மூன்றையும் தனித்தனியாக, இரண்டிரண்டாக, சேர்த்து என்று ஏழு விதமாக ஓட்டலாம். சூரியனிலிருந்து விலகும் கலத்துக்குத் தகடுகள் தரும் மின்சாரம் குறைந்துகொண்டே போகும். அப்போது பெரிய பொறியை அரைகுறையாக ஓட்டி மல்லுக்கட்டுவதைவிட, ஒரு வளையத்தை அணைத்துவிட்டு மற்றவற்றைச் சரியான புள்ளியில் ஓட்டுவது மேல். சோதனைக்காரருக்கு இதன் விலை வேறு. ஏழு சேர்க்கை, 300 முதல் 500 வோல்ட் வரை சில படிகள், மூன்று வகை மின்னோட்டச் செறிவு என்று பெருக்கினால் அளக்க வேண்டிய புள்ளிகள் மளமளவென்று ஏறும். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று காந்தங்களைத் தனித்தனியே திருத்த வேண்டும்.

சொந்தக் கலன் இருக்கக் கிளீவ்லாந்து ஏன்?

ஆன் ஆர்பரில் மிச்சிகனுக்குச் சொந்தமாகவே 6 மீட்டர் விட்டமும் 9 மீட்டர் நீளமும் உள்ள கலன் உண்டு. 1960-களில் பெண்டிக்ஸ் நிறுவனத்துக்காகக் கட்டியது. பல்கலைக்கழகக் கலன்களில் இது பெரிய கை. எக்ஸ்3-ன் முதல் ஓட்டங்கள், குறைந்த சக்தியில், கிரிப்டான் வாயுவில், இங்கேதான் நடந்தன. நூறு கிலோவாட்டுக்கு மட்டும் பொறியை வண்டியேற்றி சுமார் 270 கி.மீ. கொண்டுபோக வேண்டியிருந்தது. காரணத்தை ஒரு காகிதத் துண்டில் போட்டுப் பார்த்துவிடலாம்.

நூறு கிலோவாட்டில் பொறி நொடிக்கு ஏறக்குறைய 0.24 கிராம் செனான் குடிக்கிறது. சாதாரண காற்றழுத்தத்தில் இது நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர், ஒரு பலூனை ஊதும் அளவுகூட இல்லை. வெற்றிடக் கலனில் பேச்சே வேறு. பம்புக்காரர் அலகில் இது நொடிக்குச் சுமார் 33 டார்-லிட்டர் (டார் என்பது அழுத்த அலகு). மிச்சிகன் கலனில் அப்போதிருந்த ஏழு கிரையோ பம்புகளும் (வாயுவைக் கடுங்குளிர்த் தகடுகளில் உறையவைத்துப் பிடிப்பவை) சேர்ந்து செனானை இழுத்த வேகம் நொடிக்கு 2,40,000 லிட்டர். 33-ஐ அதால் வகுத்தால் 1.4×10⁻⁴ டார். கிளென் மையத்தின் விஎஃப்-5 கலன் 4.6 மீட்டர் விட்டம், 18.3 மீட்டர் நீளம். இழுவேகம் சுமார் 7,00,000 லிட்டர். அங்கே 4.7×10⁻⁵ டார். உந்துவிசை அளவீட்டுக்குத் துறையில் நெடுங்காலமாக எடுத்துக்காட்டப்படும் மேல்வரம்பு 5×10⁻⁵. ஒரு கலனில் வரம்பைப் போல மூன்று மடங்கு, இன்னொன்றில் வரம்புக்கு மயிரிழை கீழே. பயணத்துக்கான காரணம் இவ்வளவுதான்.

அழுத்தம் கூடினால் என்ன கெட்டுவிடும்? கலனில் மிதக்கும் செனான் பொறியின் வாய்க்குள் திரும்பப் புகும். அங்கே அயனியாகி மறுபடி வெளியே பாயும். உந்து கூடும், ஆனால் அந்த வாயு பாய்வுமானியைக் கடந்து வரவில்லை, கணக்கில் ஏறவில்லை. இலவச வாயு, பொய்த் திறன். 4.7×10⁻⁵ டாரில் ஒரு சதுர மீட்டர் வாய்க்கு நொடிக்குச் சுமார் 18 மில்லிகிராம் இப்படித் திரும்பும் என்று வாயு இயக்கவியல் சொல்லும். எக்ஸ்3 வளையங்களின் மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டரில் சிறு பகுதிதான், ஆகவே நேரடிக் கணக்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும். நடைமுறையில் அழுத்தத்தின் விளைவு இந்த எளிய கணக்கைவிடப் பெரிதாகவே தெரியும். அயனி வேகமெடுக்கும் மண்டலமே அழுத்தத்தோடு உள்ளே தள்ளப்படுகிறது, அலைவுகள் மாறுகின்றன, கேதோடுக்கும் பொறிக்கும் இடையிலான மின்பாதையும் மாறுகிறது. இந்தச் சிக்கலை மட்டும் ஆராய 2021-ல் நாசா நிதியில் ஜார்ஜியா டெக் தலைமையில் ஜானஸ் என்ற பல்கலைக்கழகக் கூட்டு நிறுவனமே அமைந்தது என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

அழுத்தமானி வாசிப்பிலும் ஒரு பள்ளம் உண்டு. புது மாணவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். அயனி வகை அழுத்தமானிகள் நைட்ரஜனுக்கு அளவு திருத்தப்பட்டவை. செனானுக்கு, வாசிப்பிலிருந்து கலனின் அடிப்படை அழுத்தத்தைக் கழித்து, 2.87-ஆல் வகுத்து, அடிப்படையை மீண்டும் கூட்ட வேண்டும். இதை மறந்தால் அழுத்தம் மூன்று மடங்காகத் தெரியும். ஒரே தகவலை ஒருவர் திருத்தியும் இன்னொருவர் திருத்தாமலும் வெளியிட்டால் இரண்டு கலன்களை ஒப்பிடவே வழியில்லை. மானியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பம்புக்குப் பக்கத்தில் வைத்தால் அழகான எண் கிடைக்கும், பொறிக்கு அருகே இருக்கும் உண்மை நிலை கிடைக்காது. பொறியின் வாய்த் தளத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் பக்கவாட்டில், பிளாஸ்மா உள்ளே புகாமல் நிலமிணைத்த வலை மூடி வைப்பதே நல்ல வழக்கம்.

தராசு

உந்துவிசையை அளக்கும் த்ரஸ்ட் ஸ்டாண்டைத் தராசு என்றே சொல்லிவிடலாம். புழக்கத்திலிருந்த தராசுகள் எக்ஸ்3-ன் எடையைத் தாங்காது என்பதால் புதிதாகவே ஒன்று கட்டினார்கள். பெரிய ஹால் த்ரஸ்டர்களுக்கு வழக்கமான அமைப்பு தலைகீழ் ஊசல்: மெல்லிய எஃகு வளைதகடுகள் மேல் ஒரு மேடை, மேடைமேல் பொறி. பொறி தள்ளும்போது மேடை நகரப் பார்க்கும். ஒரு மின்காந்தச் சுருள் அதை நகரவிடாமல் அதே இடத்தில் பிடித்து நிறுத்தும். பிடிக்கத் தேவைப்பட்ட மின்னோட்டமே அளவு.

தலைகீழ் ஊசலின் நுண்ணுணர்வுதான் அதன் வரம், சாபமும் அதுவே. 230 கிலோ பொறி மேலே உட்கார்ந்திருக்க, மேடை ஆயிரத்தில் ஒரு ரேடியன் சாய்ந்தாலே, ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும், பொறியின் எடையிலிருந்து 2.26 நியூட்டன் பக்கவாட்டில் கசியும். அளக்க வேண்டிய விசையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு! பிழையை 0.1 நியூட்டனுக்குள் நிறுத்த வேண்டுமானால் சாய்வு ஒரு மீட்டருக்கு 44 மைக்ரானைத் தாண்டக் கூடாது; ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. கலனைக் காற்று நீக்கும்போது அதன் உடல் அழுந்துகிறது. கிரையோ தகடுகள் குளிரும்போது சுருங்குகின்றன. பொறி காயும்போது மேடையின் ஒரு பக்கம் நீள்கிறது. எல்லாமே 44 மைக்ரானைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆகவே சாய்வுமானி ஒன்று எந்நேரமும் படித்துக்கொண்டிருக்க, மோட்டார் வைத்த திருகு மேடையை மட்டம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தராசைச் சுற்றித் தண்ணீர் ஓடும் செப்புக் கவசமும் வேண்டும்.

அடுத்த தொல்லை வயர்கள். இரண்டு கம்பிகள் 2 செ.மீ. இடைவெளியில் 247 ஆம்பியரை எதிரெதிர் திசையில் சுமந்தால் மீட்டருக்கு 0.61 நியூட்டன் விசையோடு ஒன்றையொன்று தள்ளும். உந்துவிசையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். கம்பிகள் நிலையான சட்டத்திலிருந்து அசையும் மேடைக்குத் தாவும் இடத்தில் இந்த விசை தராசில் ஏறிவிட்டால், அதை உந்துவிசையிலிருந்து பிரித்தறிய முடியாது. போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் இறுக முறுக்கிச் சேர்த்தே கொண்டுபோவதும், தாவும் இடத்தில் அசைவின் திசைக்குக் குறுக்காகத் தொங்கும் வளையமாக விடுவதும் இதனால்தான். வாயுக் குழாய்களுக்கும் இதே விதி. அவை வெப்பத்தில் விறைத்தால் தராசின் சுருள்வில் மாறிலியே மாறிப்போகும்.

அளவு திருத்தம் அடிக்கடி செய்ய வேண்டும். தெரிந்த எடைகளை நூலில் கோத்து, கப்பி வழியாக ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, தராசின் மறுமொழியைக் கோடாக வரைந்துகொள்வார்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் வேறு வேறு கோடு வந்தால் எங்கோ ஒரு வயர் உரசுகிறது என்று பொருள். சுழிப்புள்ளியைப் பொறி சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்: பொறியை அணை, சில நொடிகளில் சுழியைப் படி, மறுபடி பற்றவை. காலையில் குளிர்ந்த நிலையில் எடுத்த சுழியை வைத்து மாலை எண்ணைச் சொல்லுவது தராசுத் தட்டைக் கழுவாமல் அடுத்த சரக்கை நிறுப்பது மாதிரி. காந்தச் சுருள்களை மட்டும் தனியே ஏற்றி, பிளாஸ்மா இல்லாமலே தராசு அசைகிறதா என்றும் பார்த்துக் கழிக்க வேண்டும். கலனின் எஃகு உடலைக் காந்தம் இழுப்பது பல பேர் மறக்கும் பிழை.

தராசுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் கணக்குக் காரணமும் உண்டு. திறன் என்பது உந்துவிசையின் வர்க்கத்தை, வாயுப் பாய்வையும் மின்சக்தியையும் பெருக்கி இரட்டித்ததால் வகுத்தது. விசையில் ஒரு சதவீதப் பிழை திறனில் இரண்டு சதவீதமாகும். பாய்வுமானியின் பிழை அப்படியே ஒன்றுக்கு ஒன்று. வோல்ட்டும் ஆம்பியரும் அநேகமாகப் பிரச்சினையே தராது.

250 ஆம்பியர் கேதோடு

மூன்று வளையங்களுக்கும் நடுமையத்தில் ஒரே கேதோடு. மூன்றுக்கும் தேவையான எலெக்ட்ரான் முழுவதையும் அதுவே தர வேண்டும். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் உருவான, லாந்தனம் ஹெக்சாபோரைடு குழல் பொருத்திய கேதோடு இது. பழைய பேரியம் வகையைவிட இதை ஆய்வகத்தார் விரும்புவதற்குக் காரணம், ஆக்சிஜனும் ஈரமும் கொஞ்சம் பட்டாலும் இது நஞ்சேறிச் சாகாது. பல்கலைக்கழகக் கலன் அடிக்கடி திறக்கப்படும், அங்கே இந்தப் பொறுமை பெரிய வரம். விலை வெப்பம்: சதுர சென்டிமீட்டருக்குப் பத்து ஆம்பியர் கறக்க 1,650 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த வெப்பத்தில் போரான் சுற்றியுள்ள உலோகத்துக்குள் ஊறி அதை நொறுங்கச் செய்யும் என்பதால் குழலுக்கும் உலோகத்துக்கும் நடுவே கிராஃபைட் உறை கட்டாயம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கேதோடு அல்ல, அதன் சூடேற்றி. டாண்டலம் உறைக்குள் பீங்கான் தூள் அடைத்த கம்பி அது. அவசரமாக ஏற்றினால் தூள் விரிந்து, உறை கிழிந்து, ஷார்ட் ஆகும். படிப்படியாக, அரை மணி நேரமாவது எடுத்து ஏற்றுவதே முறை. சூடேற்றி போனால் கலனைத் திறக்க வேண்டும். பம்புகளைச் சூடாக்கி, காற்றை விட்டு, சரிசெய்து, மறுபடி காற்றிழுத்துக் குளிர்விக்க ஒரு நாள் முழுதாகப் போய்விடும். ஐந்து நிமிட அவசரத்துக்கு இருபத்துநான்கு மணி நேர வட்டி.

ஓட்டத்தின்போது கேதோடுக்கு, ஆனோடுக்குப் போகும் வாயுவில் ஏழு சதவீதம் போல விடுவது வழக்கம். 250 ஆம்பியருக்கு அது மட்டும் போதாமல் கேதோடின் வாயருகே வலுவான அலைவுகள் எழும். அதில் பிறக்கும் அதிவேக அயனிகள் கேதோடின் முன்தகட்டையே அரித்துத் தின்னும். எக்ஸ்3 கேதோடில் இதற்கு மருந்தாக, வாயைச் சுற்றி வெளியிலிருந்து கூடுதலாக வாயு தெளிக்கும் நுனிகள் வைத்திருந்தார்கள். எல்லா வாயுவையும் குழல் வழியாகவே தள்ளினால் உள்ளழுத்தம் கூடி வெப்பம் இடம்மாறும். வெளியே தெளித்தால் அலைவு அடங்கும், குழலின் உள்நிலை கெடாது.

பற்றவைப்பது முதல் அளப்பது வரை

கலனைத் திறந்து மூடிய பிறகு முதல் ஓட்டம் எப்போதும் முரண்டு பிடிக்கும். போரான் நைட்ரைடு காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கும். சூடானதும் அது நீராவியாக வெளியேறி மின்னோட்டத்தைத் தாறுமாறாக ஏற்றி இறக்கும். குறைந்த சக்தியில் சில மணி நேரம் ஓட்டி உலர்த்தி, அலைவு அடங்கியதைப் பார்த்துத்தான் மேலே போக வேண்டும். அதற்கு முன்பே ஆனோடுக்கும் உடலுக்கும் இடையே காப்புத்தடை பார்த்துவிடுவது நல்லது. அயனிக் கற்றை கலனின் எதிர்முனையில் மோதி அங்குள்ள கிராஃபைட் தகடுகளிலிருந்து கார்பனைப் பெயர்த்துத் திருப்பி அனுப்புகிறது. அது பீங்கான் மீது கரிப்படலமாகப் படிந்து நாளாக ஆக மின்பாதை ஆகிவிடும். கிராஃபைட் போடுவதே மற்றப் பொருள்களைவிடக் குறைவாகப் பெயரும் என்பதற்காக, ஆனாலும் முழுக்கத் தப்ப முடியாது.

ஒரு வளையம் எரிய ஆரம்பித்துவிட்டால் அடுத்ததைப் பற்றவைப்பது சுலபம், அக்கம்பக்கத்து பிளாஸ்மாவே விதை போடும். தொல்லை, பற்றும் கணத்தில் பாயும் மின்னோட்டக் குத்து. மின்வழங்கிக்கும் பொறிக்கும் நடுவே மின்தேக்கி வடிப்பான் இல்லாவிட்டால் வழங்கி தடங்கி விழும், ஏற்கெனவே எரிந்த வளையமும் சில சமயம் கூடவே அணையும். நிலையான ஓட்டத்திலும் மின்னோட்டம் பத்து முதல் முப்பது கிலோஹெர்ட்ஸில் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். அது இயல்பு. அலைக்காட்டியில் அதன் வீச்சைப் பார்த்துக்கொண்டே காந்த மின்னோட்டத்தை மெல்லக் குறைத்து, ஆனோடு மின்னோட்டம் எங்கே மிகக் குறைவு என்று தேடிப் பிடிப்பதே திருத்தும் முறை. அந்தப் புள்ளிக்கு இன்னும் கீழே போனால் அலைவு திடீரென்று பெருத்து மின்னோட்டம் எகிறும். விளிம்பு எங்கே என்று தெரிந்துகொண்டு கொஞ்சம் இப்பால் நிற்க வேண்டும். மூன்று வளையங்களில் பக்கத்து வளையங்கள் காந்தச் சுவரைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றைத் தொட்டால் அடுத்ததும் அசையும். திரும்பத் திரும்பச் சுற்றி வந்தே நிலைக்குக் கொண்டுவர முடியும்.

வெப்பத்துக்கு ஒரு எளிய வெப்பமானி கைவசம் உண்டு, அது காந்தச் சுருளேதான். செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். குளிர்ந்திருக்கையில் 20 டிகிரியில் 2.0 ஓம் இருந்த சுருள், வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கும்போது 3.6 ஓம் காட்டினால், அதன் சராசரி வெப்பம் 224 டிகிரி. ஒட்டிவைத்த வெப்ப இணைகள் பிளாஸ்மா இரைச்சலில் பிதற்றும்போதும் இந்தக் கணக்கு பொய் சொல்லாது. ஆனால் சராசரியைத்தான் சொல்லும். சுருளின் உள்ளடுக்கு அதைவிடச் சூடு. முதலில் சாவது செம்பு அல்ல, கம்பியின் காப்புறை.

நூறு கிலோவாட்டில் பத்து கிலோவாட் சுவரில் இறங்கினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். 230 கிலோவும் இரும்பு என்று கொண்டால், கதிர்வீச்சு இழப்பு தொடங்குமுன் நிமிடத்துக்கு ஆறு டிகிரி ஏறும். வெப்பநிலை சமநிலைக்கு வர மணிக்கணக்கு ஆகும். அதுவரை காத்திருந்தால் மணிக்கு 860 கிராம் செனான் காலி. கிலோ ஆயிரக்கணக்கான டாலர் விற்கும் வாயு அது. ஆகவே எவ்வளவு நேரம் ஓடி எடுத்த அளவு என்பதை ஒவ்வொரு எண்ணோடும் சேர்த்தே படிக்க வேண்டும். நாசாவின் நெக்ஸ்ட்ஸ்டெப் திட்டம் நூறு கிலோவாட்டில் நூறு மணி நேரத் தொடர் ஓட்டத்தை இலக்காக வைத்தது சும்மா இல்லை. உச்சத்தைத் தொடுவது ஒன்று, அங்கே குடியிருப்பது வேறு.

கிடைத்தவை

உச்ச உந்துவிசை 5.42 நியூட்டன், பிழை 0.1, இது 400 வோல்ட்டில், நூறு கிலோவாட்டை ஒட்டி. உச்சத் திறன் 67 சதவீதம், பிழை 3. இது 500 வோல்ட்டில், இன்னும் குறைந்த சக்தியில். வாயுச் சிக்கனத்தைச் சொல்லும் ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் அதே புள்ளியில் 2,650 நொடி. நல்ல ரசாயன ராக்கெட் 450-ஐ ஒட்டித்தான் நிற்கும். வளையங்களை அடுக்கியதால் திறன் குறையவில்லை என்பதே இதில் உண்மையான விடை. ஒற்றை வளையப் பொறிகள் தரும் வட்டத்துக்குள்தான் இந்த எண்களும் விழுகின்றன. எக்ஸ்3 காந்தக் கவசமுறை (காந்தப்புலத்தை வளைத்துப் பிளாஸ்மாவைச் சுவரிலிருந்து விலக்கும் முறை) இல்லாத வடிவமைப்பு. பிளாஸ்மா சுவரைத் தொடுகிறது, சுவர் அரிபடும். நீண்ட பயணத்துக்கு இதே உருவம் போதாது.

சிறிய பொறி கேட்ட கேள்வி

எக்ஸ்3 இவ்வளவு பெரிதானதற்கு அடிப்படை, ஆம்பியரைக் கூட்டப் பரப்பைக் கூட்டு என்ற பாடம். பெஞ்சமின் ஜார்ன்ஸ் வழிநடத்தலில் அதே ஆய்வக மாணவர்கள் சில ஆண்டுகள் கழித்து அந்தப் பாடத்தையே சோதித்தார்கள். எச்9 என்பது ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி, விமானப்படை ஆய்வகம் ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கிய, காந்தக் கவசமுள்ள ஒற்றை வளையப் பொறி. வடிவமைப்புச் சக்தி 9 கிலோவாட். அதை அப்படியே 40 கிலோவாட்டுக்கு ஏற்றினால் பிளாஸ்மா என்ன செய்யும் என்று பார்க்கும் முன்பே பொறி உருகிவிடும். எனவே தண்ணீர்க் குளிர்ச்சி பொருத்தினார்கள். வெப்பத்தைத் தனியே எடுத்துவிட்டால் மிஞ்சும் வரம்பு பிளாஸ்மாவுடையதுதானா என்று தெரிந்துவிடுமல்லவா?

2023-ல் வெளியான முடிவு: செனானில் 37.5 கிலோவாட் வரை ஓட்டியபோது மொத்தத் திறன் 49 சதவீதம். 9 கிலோவாட்டில் அது 62. நான்கு மடங்கு சக்திக்கு இவ்வளவுதான் சரிவு. கிரிப்டானில் 45 கிலோவாட், திறன் 51 சதவீதம், உந்துவிசை 1.8 நியூட்டன். அங்கே நின்றதற்குக் காரணம் பொறி இல்லை, மின்வழங்கி தீர்ந்துவிட்டது. கிரிப்டான் இலேசான அணு, அயனியாக்க 14 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும், செனானுக்கு 12.1 போதும். வழக்கமாக ஹால் த்ரஸ்டரில் அது பின்தங்கும். பிளாஸ்மா செறிந்தபோது அணுக்கள் தப்பிக்க இடமில்லாமல் அந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. எக்ஸ்3 காலத்தில் சுவர் என்று நினைத்த இடத்தில் பெரும்பாலும் சரிவு மட்டுமே இருந்திருக்கிறது.

இதற்காக எக்ஸ்3 வீண் என்று சொல்வது நியாயமில்லை. வெற்றிடக் கலனில் குழாயில் தண்ணீர் வரும், விண்வெளியில் வராது. பொறி தள்ளும் வெப்பத்தைக் கதிர்வீச்சாகவே கழிக்க வேண்டும். 200 டிகிரியில் நன்கு கருமையேற்றிய தகடு ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோவாட் கழிக்கும். சிறிய பொறியிலிருந்து ஐந்து கிலோவாட் எடுக்க வேண்டுமானால் இரண்டு சதுர மீட்டர் தகடும், அதுவரை வெப்பத்தைச் சுமந்துபோகும் குழாய்களும், அவற்றின் எடையும் சேர வேண்டும். பெரிய உடலையே ரேடியேட்டராகக் கொண்ட 230 கிலோவுக்கும், சின்னப் பொறியோடு தனி ரேடியேட்டருக்கும் எது மலிவு என்பது கலத்துக்குக் கலம் மாறும் கணக்கு. இரண்டையும் ஒப்பிட இன்னும் தேவைப்படுவது, அந்த உயர்ந்த செறிவில் எச்9-ன் சுவரும் காந்த முனைகளும் ஆயிரக்கணக்கான மணி நேரத்தில் எவ்வளவு அரிபடும் என்ற அளவு. 45 கிலோவாட்டில் அதை எடுக்க வேண்டுமானால், மறுபடி பம்புக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.